வேலைக்கு நடுவே விளையாட்டு

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வேலை ஓயாது. பால் காய்ச்ச வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், துணி அலச வேண்டும், தூங்க வைக்க வேண்டும். இதற்கு நடுவில், ‘தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுங்கள்’ என்று யாராவது சொன்னால், அதுவும் இன்னொரு வேலையாகத்தான் தலையில் ஏறும்.

அந்தச் சுமையைக் குறைப்பதற்கே இந்த அத்தியாயம். சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளியல், சமையல், துணி மடிப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது என்று ஏற்கெனவே செய்கிற வேலைகளுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. காசு கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டும் என்பதும் இல்லை. வேண்டியது ஒரே ஒரு பழக்கம்தான்: பிள்ளை ஒன்று செய்தால் நாம் பதிலுக்கு ஒன்று செய்வது, பிறகு அதன் முறை வரும்வரை பொறுத்திருப்பது. இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும் சந்தோஷம் நமக்கும் கிடைக்கும்.

வாரம் ஒரு மணி நேரம் செய்த வேலை

1980களின் நடுவில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் குழந்தை நல ஆய்வாளர் சாலி கிரந்தம் மெக்ரெகர். போதிய ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் 9 மாதம் முதல் 2 வயது வரை உள்ளவர்கள், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு மட்டும் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், 2 ஆண்டுகள் சென்று வந்தார். வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்த எளிய பொம்மைகளோடு போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குச் செய்து காட்டினார். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் 22 வயதை எட்டியபோது மறுபடியும் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார்கள். இந்த உதவி கிடைக்காத பிள்ளைகளைவிட, கிடைத்தவர்கள் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2014இல் ‘சயன்ஸ்’ இதழ் இந்த முடிவை வெளியிட்டது.

அந்த வீடுகளுக்குள் போனவை விலையுயர்ந்த சாமான்கள் எதுவும் கிடையாது. பணியாளர் கிளம்பிப் போன பிறகும் வாரத்தின் மிச்ச நாட்களில் அங்கே தங்கியது, தாய் கற்றுக்கொண்ட விளையாடும் விதம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

முறை வைத்து ஆடுவது

நான்கு மாதக் குழந்தை பாயில் மல்லாந்து கிடக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்து ‘ங்கா’ என்கிறது. நீங்கள் குனிந்து, “அப்படியா செல்லம்? அப்புறம்?” என்கிறீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறோம். தொடர்ந்து நாமே பேசிக்கொண்டு போகிறோம். வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் இரண்டு எண்ணிக்கைக்குள் எதுவும் நடக்காது. மூன்றாவதில் கால்கள் உதைக்கும். நான்காவதில் உதடு குவியும். ஐந்தில் இன்னொரு ‘ங்கா’ வரும், முன்னதைவிடச் சத்தமாக. இப்போது மறுபடி உங்கள் முறை.

இது ஓர் உரையாடல். சொற்கள் பிறகு வரும். முறை எடுத்துப் பேசும் பழக்கம் இப்போதே தொடங்கிவிடுகிறது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, முதுகை வளைத்துச் சிணுங்கினாலோ ‘போதும்’ என்று பொருள். அப்போது நிறுத்திவிட வேண்டும். சிரிக்க வைக்கிறேன் என்று தொடர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டுவது விளையாட்டில் சேராது.

பெரிய பிள்ளைகளிடமும் இதே முறைதான். மூன்று வயதுப் பிள்ளை தீப்பெட்டியைத் தரையில் நகர்த்தி ‘டுர்ர்’ என்றால், “அது பஸ்ஸா? எத்தனை சக்கரம்?” என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு பல்லாவரம் கொடுங்க” என்று கையை நீட்டுங்கள். பிள்ளை உடனே கண்டக்டராகிவிடும். விளையாட்டை அது தொடங்கட்டும். நாம் அதில் ஏறிக்கொள்வோம்.

வயதுக்கு ஏற்ற ஆட்டம்

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பார்ப்பது தமிழுக்குப் புதிதில்லை. பிள்ளைத்தமிழ் நூல்கள் பத்துப் பருவங்களாகப் பாடப்படுகின்றன. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு 5ஆம் மாதம், கைதட்டும் சப்பாணிக்கு 9ஆம் மாதம், தளர்நடையிட்டு வரும் வருகைக்கு 13ஆம் மாதம், நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலிக்கு 15ஆம் மாதம் என்று கணக்கும் உண்டு. இன்று குழந்தை மருத்துவர்கள் கவனிக்கும் வளர்ச்சிப் படிகளோடு இவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பாட்டிமார் அந்தந்த வயதில் விளையாட்டுக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. சில வாரம் முன்பின் ஆவது இயல்பு. மாதக் கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

*பிறந்தது முதல் 6 மாதம் வரை.* முதல் பொம்மை உங்கள் முகம். ஓரடி தூரத்தில் வைத்து நாக்கை நீட்டுங்கள், புருவத்தை உயர்த்துங்கள், மெதுவாகப் பாடுங்கள். விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்து விளையாடுவது கழுத்துக்கும் தோளுக்கும் வலு. தவழத் தொடங்காத குழந்தைக்கு நாளெல்லாம் சேர்த்து 30 நிமிடமாவது இப்படிக் கிடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டிரண்டு நிமிடமாகச் செய்தால் போதும். தரையில் அழுதால் நீங்கள் சாய்ந்து படுத்து நெஞ்சின் மேல் கிடத்திக்கொள்ளுங்கள். குப்புறப் போடுவது விளையாட்டுக்கு மட்டும். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

*6 முதல் 12 மாதம் வரை.* கைதட்டல், சாய்ந்தாடல், துண்டுக் கண்ணாமூச்சி. கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறது என்பதைக் குழந்தை இந்தச் சமயத்தில்தான் புரிந்துகொள்கிறது. துண்டை உங்கள் முகத்தில் போட்டு, “அம்மா எங்கே?” என்று கேளுங்கள். ஆரம்பத்தில் நீங்களே எடுத்து, “இதோ!” சொல்ல வேண்டியிருக்கும். சில வாரத்தில் பிள்ளையின் கை துண்டை நோக்கி வரும். பிறகு துண்டைத் தன் தலைமேலேயே போட்டுக்கொண்டு, நாம் தேடுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். ஒரே துண்டு, ஒரே ஆட்டம். ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் மாறிவிட்டார். இந்த வயதில் கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவதும் அடமில்லை. விழுந்தால் என்ன சத்தம் வருகிறது, யார் எடுத்துத் தருகிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

*1 முதல் 2 வயது வரை.* போடுவது, எடுப்பது, ஊற்றுவது, கொட்டுவது. பழைய பிளாஸ்டிக் சம்படத்தின் மூடியில் கத்தியால் ஒரு நீளக் கீறல் போட்டு, ஓரத்தைத் தேய்த்து மழுக்குங்கள். துணி கிளிப் உள்ளே போகிற அகலம் இருந்தால் போதும். இரும்புக் கம்பி கழன்று வராத மரக் கிளிப்பாகவோ, பெரிய பிளாஸ்டிக் கிளிப்பாகவோ பார்த்து எடுங்கள். பிள்ளை முதலில் கிளிப்பைக் குறுக்காக வைத்து அழுத்தும். போகாது. கையைத் திருப்பும், மறுபடி அழுத்தும். ‘டக்’கென்று உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் உங்களை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். “விழுந்துடுச்சு!” என்றால் போதும். இந்த வயதில் பிள்ளை விரலை நீட்டிக் காட்டுவதையெல்லாம் பெயர் சொல்லுங்கள்: காக்கா, லாரி, நிலா.

*2 முதல் 3 வயது வரை.* பாவனை விளையாட்டின் காலம். காலி டம்ளரை நீட்டி, “காபி குடி” என்று சொன்னால் ஊதிக் குடியுங்கள். “சர்க்கரை பத்தலையே” என்று திருப்பிக் கொடுங்கள். செப்புச் சாமான், மரப்பாச்சி எல்லாம் இதற்காகவே செய்யப்பட்டவை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தனியாகவே ஆடுகிறது என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் ஆடுவது சேர்ந்து ஆடுவதற்கு முந்திய படி என்பதை ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே எழுதிவிட்டார். பொம்மையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி அடிப்பதற்கு இது வயதில்லை.

*3 முதல் 5 வயது வரை.* விதிகள் உள்ள ஆட்டம் மெல்லப் பிடிபடும். ஒளிந்து பிடிப்பது, நொண்டி, நிறம் சொல்லித் தொடுவது. நான்கு வயது தாண்டிய பிள்ளையோடு பல்லாங்குழி ஆடலாம். குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டு போவது எண்ணிக்கைக்கு நல்ல பயிற்சி. விதியை நடுவில் மாற்றுவதும் தோற்றால் அழுவதும் இந்த வயதின் இயல்பு. எல்லா ஆட்டத்திலும் விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். நீங்கள் தோற்கும்போது முகம் சுளிக்காமல் ஆடிக் காட்டுங்கள். அது அப்படியே பிள்ளைக்கு ஒட்டும்.

நாளுக்குள் இருக்கும் இடங்கள்

*குளியல்.* எண்ணெய் தேய்க்கும்போதே தொடங்கலாம். ஒவ்வொரு விரலையும் பிடித்துப் பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள்; கடைசியில் நம் விரல் நண்டாகி அக்குளுக்குப் போவதைப் பிள்ளை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சிரிக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மக்கில் தண்ணீர் மொண்டு சொம்பில் ஊற்றுவது, எது மிதக்கிறது எது முங்குகிறது என்று பார்ப்பது என்று பத்து நிமிடம் ஓடிவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அலறும் பிள்ளையிடம், “முதல்ல நீ அம்மா கையில ஊத்து, அப்புறம் நான் உன் தலையில ஊத்துறேன்” என்று முறை வையுங்கள். பாதி அழுகை குறையும்.

*சமையலறை.* அடுப்பிலிருந்து தள்ளி, தரையில் ஒரு மூலை பிள்ளைக்கு. சப்பாத்தி மாவில் ஒரு எலுமிச்சை அளவு கொடுத்துவிடுங்கள். அது உருட்டும், தட்டும், கரண்டிக் காம்பால் குத்தும், உங்களுக்குத் தோசை சுட்டுத் தரும். கீரை ஆய்வது, வெங்காயத்தைக் கூடையில் அடுக்குவது எல்லாம் இரண்டரை வயதுக்கு மேல் செய்யக்கூடியவைதான். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் காலைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளையோடு சமைப்பதைவிட இது சீக்கிரம் முடியும்.

*துணி.* காய்ந்த துணிக் குவியல் ஒரு விளையாட்டு மைதானம். அப்பா சட்டை ஒரு பக்கம், பாப்பா சட்டை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். சாக்ஸுக்கு ஜோடி தேடச் சொல்லுங்கள். புடவையின் இரு முனைகளைப் பிடித்து மடிக்கும்போது நடுவில் கூடாரம் உருவாகும். உள்ளே புகுந்து ஓட ஒரு நிமிடம் கொடுங்கள்.

*வெளியே போகும்போது.* பஸ் நிறுத்தத்தில் சிவப்பு வண்டி வந்தால் நீங்கள் கைதட்ட வேண்டும், மஞ்சள் வந்தால் பிள்ளை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது உள்ளங்கையில் எதையாவது வைத்து, இரண்டு கையையும் மூடி, எதில் இருக்கிறது என்று கேட்பது. இவற்றுக்குத் தனிச் சாமான் வேண்டாம். கையும் வாயும் இருந்தால் போதும்.

*படுக்கை.* தூங்கும் நேரத்தில் ஓடிப்பிடிப்பது வேண்டாம். உடம்பு சூடேறித் தூக்கம் தள்ளிப்போகும். பிள்ளையின் முதுகில் விரலால் படம் வரைந்து என்னவென்று கேளுங்கள். அன்றைக்கு நடந்ததையே கதையாகச் சொல்லுங்கள்: “ஒரு ஊர்ல ஒரு பாப்பா இருந்துச்சாம். காலையில எழுந்து நாய்க்குட்டியைப் பார்த்துச்சாம்…” தன் கதையைக் கேட்க எந்தப் பிள்ளையும் சலிக்காது.

அப்பாவின் பங்கு

உப்புமூட்டை, யானைச் சவாரி, தலைகாணிச் சண்டை போன்ற முரட்டு ஆட்டங்கள் பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ மாமாவோ ஆடுவது. “அப்பா, இன்னொரு தடவை!” என்று கேட்டுக்கொண்டே இருப்பது இதில்தான். பலத்தை எவ்வளவு போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளை இதில் கற்கிறது. மூன்று விதிகள் மட்டும்: பிள்ளை ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். காற்றில் தூக்கிப் போடுவதும் குழந்தையைக் குலுக்குவதும் கூடாது. ஒரு கையை மட்டும் பிடித்துத் தூக்குவதோ சுற்றுவதோ கூடாது; ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு எளிதில் நழுவும். தூக்கும்போது இரண்டு அக்குளுக்கும் அடியில் கை கொடுங்கள்.

வேலை முடிந்து இரவில் வரும் அப்பாவுக்கு நேரமே கிடைப்பதில்லை என்றால், செருப்பைக் கழற்றியதும் முதல் பத்து நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போனை எடுக்கலாம். தினமும் ஒரே ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை அந்த ஆட்டத்துக்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கண் வைக்க வேண்டியவை

- மூன்று வயது வரை, பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் கைக்கு எட்டக் கூடாது: புளியங்கொட்டை, மணி, கோலிக்குண்டு, நாணயம். முழு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் மூச்சுக்குழாயில் அடைக்கும்.
- ரிமோட், வாட்ச், விளக்கு எரியும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.
- வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்.
- தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சில அங்குலத் தண்ணீரிலும் சிறு பிள்ளை மூழ்கிவிடும், சத்தமும் கேட்காது.
- உட்காரவைத்து உருட்டும் வாக்கர் வேண்டாம். படியில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் அதைத் தடைசெய்தது. பிள்ளை நின்றுகொண்டு தள்ளும் நம் மர நடைவண்டி வேறு வகை. அதையும் சமதரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.

செல்போன்

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல், 2 வயது வரை திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. காரணம் எளிது. செல்போன் பாடும், ஆடும், பேசும். ஆனால் பிள்ளை ‘ங்கா’ என்றால் அதற்காகக் காத்திருக்காது. ஊட்டும்போது போன் காட்டியே பழகிவிட்ட வீடுகளில் ஒரே நாளில் நிறுத்த முடியாது. முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். மொட்டை மாடியோ, ஜன்னலோ, காக்காயோ போதும். வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

அலுத்துப்போன நாளில்

எல்லா நாளும் தெம்பு இருக்காது. அன்றைக்குப் படுத்துக்கொண்டே ஆடுங்கள். நீங்கள் நோயாளி, பிள்ளை டாக்டர். அல்லது குப்புறப் படுத்துக்கொண்டு உங்கள் முதுகை ரோடாக்கிவிடுங்கள். பொம்மைக் கார் தோளில் ஏறி இடுப்பில் இறங்கும்போது உங்களுக்கும் உடம்பு பிடித்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்கும் முடியவில்லை என்றால், பிள்ளை தானாக ஆடட்டும். நாள் முழுக்க அதை மகிழ்விப்பது பெற்றோரின் கடமையில்லை. தனியாக ஆழ்ந்து ஆடும் பிள்ளையை நடுவில் கூப்பிட்டுக் கலைக்காமல் இருப்பதும் ஒரு வகைப் பங்கேற்புதான்.

உங்களுக்குப் பிடிக்காத ஆட்டத்தைக் கடனே என்று ஆட வேண்டாம். பொம்மை வைத்துப் பேசுவது ஒருவருக்குச் சலிக்கும். அவருக்குப் பாட்டு வரும், மண்ணில் தோண்டப் பிடிக்கும். எது உங்களையும் சிரிக்க வைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நம் சிரிப்பு நிஜமா, ஒப்புக்கா என்பது ஒரு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

விளையாடும்போது ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, வந்த திறமை போய்விட்டது என்றால், ‘போகப்போகச் சரியாகும்’ என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் கூடுதல். தினமும் முறை வைத்து ஆடுகிற பெற்றோர்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. தினமும் ஒருமுறையாவது, பிள்ளை தொடங்கிய ஆட்டத்தில் அது சொல்கிறபடி பத்து நிமிடம் சேர்ந்துகொள்ளுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.
2. பிள்ளையிடம் ஏதாவது சொன்ன பிறகு ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள்.
3. வீட்டு வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் பிள்ளைக்கு நிரந்தரமாக ஒரு பங்கு கொடுங்கள்.
4. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, சிறு வயதில் அவர்கள் உங்களுக்குக் காட்டிய ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்.
5. வாரக் கடைசியில், ‘எந்த ஆட்டத்தில் நான் நிஜமாகச் சிரித்தேன்?’ என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வாரம் அதையே அதிகமாக ஆடுங்கள்.

ஐந்தையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டாம். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது பழகிவிட்டால் மற்றவற்றைப் பிள்ளையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.